கொட்டியாரக் குடாவும் சிறு நாட்டின் சுதந்திரமும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதுவோர் மன்னரையும் போர்களையுமே முதலிற் கூறுவர். ஆயின் அம்மன்னர் பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே மலையும் ஆறும் கடலும் அந்நாட்டின் ஊழில் ஒரு பங்கை வகுத்துவிடுகின்றன. வள்ளுவர் அரணை அரசின் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணியதும், நீரையும் மலையையும் காட்டையும் அரணெனக் கொண்டதும் இதுபற்றியே. பெரிய நாடு தன் இருப்பிடத்தால் வரும் குறையைப் படைவலியால் ஓரளவு ஈடுசெய்யலாம். சிறிய நாட்டுக்கோ அவ்வாய்ப்பில்லை. அதன் இருப்பிடமே அதற்குச் செல்வம். அதுவே இடரும் ஆகும். இவ்வுண்மையை மூதூரின் கடற்கரை நன்கு விளக்குகின்றது.

மூதூர் கொட்டியாரக் குடாவின் தென்பால் அமைந்துள்ளது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை இக்குடாவிலே கடலோடு கலக்கின்றது. குடாவின் வடபாலில் திருகோணமலையின் உட்டுறைமுகம் உள்ளது. நிலமுனைகள் காற்றையும் அலையையும் தடுக்கின்றன. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையை நெருங்கி வருதலால் நீரும் மிக ஆழமானது. எதிரேயுள்ள சோழமண்டலக் கரையிலோ இத்தகைய இயற்கைத் துறை இல்லை. சென்னையிற் செயற்கைத் துறைமுகம் எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே. அதற்கு முன்னர், வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கியதும் போர்க்கப்பல்கள் அக்கரையை விட்டுப் பம்பாய் போன்ற தொலைவான துறைகளை நாட வேண்டியிருந்தது. திருகோணமலையை உடையவரோ ஆண்டு முழுவதும் வங்கக் கடலிற் காவல் புரியலாம். இதன் மதிப்பு முழுவதும் இவ்வொன்றிலே அடங்கியிருந்தது எனலாம்.

இதனை மூதூர் நேரிற் கண்டது. 1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660இல் அதன் தலைவரும், அவர் மகன் இறொபேட் நொக்சும், மாலுமிகள் சிலரும் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681இல் இலங்கையைப் பற்றி வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது.

அக்காலத்திற் கண்டியரசுக்குக் கொட்டியாரம் ஒரு கடல்வாயில். மலைநாட்டில் இருந்த மன்னர் அவ்வாயிலைக் காட்டி, ஓர் அந்நியரைக் கொண்டு மற்றோர் அந்நியரைத் தடுக்க முயன்றனர். 1620இல் தேனியர் வந்தனர். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்குன்றிலே கோட்டை கட்டினர். 1638இல் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். மறுவாண்டே கோட்டை வீழ்ந்தது. பின்னர் ஒல்லாந்தரே சுமையாயினர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படையை அவன் வரவேற்றான்; அம்முயற்சி நிலைக்கவில்லை. இறுதியாக 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் கைப்பட்டது. கண்டி கடலற்ற நாடாயிற்று. துணைவரைத் தானே தேடிக்கொள்ளும் வாயில் அன்றே அடைபட்டது.

1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தனர். அவ்வாண்டு ஓகத்திற் பிரெஞ்சுத் தளபதி சப்ரன் அதனை மீட்டான். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றினர். அதன்பின் அவர்க்கு இங்கே போட்டியாளர் இலர். 1803இற் கண்டிமீது சென்ற ஆங்கிலப் படையை மலையும் காடும் காய்ச்சலும் அழிக்க உதவின. 1815இலோ அம்மலைகளே வழிவிட்டன. அரசனும் பிரதானிகளும் பிளவுபட்டிருந்தமையே காரணம். அதே 1815இல் சுவிற்சலாந்து என்னும் மற்றொரு மலைநாட்டின் நடுநிலையை ஐரோப்பிய வல்லரசுகள் ஏற்றுக்கொண்டன. ஒன்றையொன்று ஐயுற்ற வல்லரசுகள் பல அதனைச் சூழ்ந்திருந்தன. கண்டியைச் சூழ்ந்திருந்ததோ ஒரே வல்லரசு. ஆகவே அரண் மட்டும் போதாது. அயலாரிடைச் சமநிலையும் அகத்தே ஒற்றுமையும் வேண்டும் என்பது தெளிவு.

20ஆம் நூற்றாண்டிற் பாய்க்கப்பல் மறைந்து எண்ணெய்க் கப்பல் வந்தது. ஆயினும் துறையின் மதிப்புக் குறையவில்லை. ஆங்கிலேயர் சுமார் நூறு எண்ணெய்க் குதங்களை இங்கே அமைத்தனர். சிங்கப்பூர் வீழ்ந்தபின், 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையிற் குண்டு வீசின. 1948இற் சுதந்திரம் கிடைத்தபோதும், முந்திய ஆண்டிற் செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி ஆங்கிலக் கடற்படை இங்கேயே தங்கியது. 1957இலேயே தளம் இலங்கையிடம் வந்தது. 1971இல் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கை முன்னின்று கொணர்ந்தது. இந்தியாவின் நலனுக்கு ஊறாகத் திருகோணமலையை எந்நாட்டின் படைத்தேவைக்கும் வழங்குவதில்லை என்பது 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாட்டோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இடம்பெற்றது. 2022இல் 99 குதங்களுள் 61 இருநாட்டுக் கூட்டு நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும் உரியனவாக வகுக்கப்பட்டன.

இவ்விடத்து மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. துறையின் மதிப்பைப் பேசுவோர் கரையில் வாழ்வோரை எண்ணுவதரிது. 2006ஆம் ஆண்டுப் போரில் மூதூர் மக்கள் ஊர்விட்டு ஓட நேர்ந்தது. அயலூராகிய சம்பூரின் மக்கள் பலர் ஏறக்குறையப் பத்தாண்டுகள் தம் நிலத்துக்குத் திரும்ப இயலவில்லை. குடாவைக் காக்கும் இடம் என்றும், அனல்மின் நிலையத்துக்கு ஏற்ற இடம் என்றும் பிறர் மதித்த அந்நிலம் அவர்க்கு வயலும் வீடும் ஆகும். மின்னிலையத் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. இழந்த ஆண்டுகள் மீளவில்லை.

இயற்கை தந்த துறையை எந்நாடும் வேறிடத்துக்குப் பெயர்த்துவிட முடியாது. அதனை ஒருவருக்கே அடைத்துக்கொடுத்தலும், எல்லாருக்கும் விலைகூறுதலும் ஒருபோலத் தீங்கே. அயலாரின் அச்சத்தை அறிந்து நடுநிலை பேணுதலும், கரைவாழ் மக்களை நாட்டின் உறுப்பென மதித்து நீதி செய்தலுமே சிறு நாட்டின் காவல். 1815இற் கண்டியின் கணவாய்களைத் திறந்தது பீரங்கி மட்டுமன்று, உள்ளிருந்த பகையுமாம். கொட்டியாரக் குடாவின் கரையில் நிற்போர் இதனை மறத்தலாகாது.