ஒரு விளக்கும் நூறு பிம்பங்களும்



தருமபுரி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. நடுவே தொங்குவது ஒரே ஒரு மின்விளக்கு. ஆனால் கண்ணாடிக்குள் பார்த்தால் வரிசையாகப் பத்துப் பதினைந்து விளக்குகள் தெரிகின்றன! உண்மையில் எரிவது எத்தனை? ஒன்றுதான். மற்றவை எல்லாம் எதிரொளிப்பினால் உண்டான பிம்பங்கள்.

ஓர் அரசு மற்றொரு நாட்டைப் பற்றித் திட்டமிட்டுப் பொய் பரப்பும்போது செய்வதும் இதுவே. ஒரு பொய்யை ஏற்றிவைத்து, அதைச் சுற்றிக் கண்ணாடிகளை நிறுத்திவிடுகிறது. அப்படி ஒரு விளக்கு நம் நாட்டிலேயே ஏற்றப்பட்டது.

டில்லியில் வெளிவந்த கடிதம்

1983 ஜூலையில் டில்லி நாளேடான ‘பேட்ரியட்’டில் ஒரு கடிதம் வெளியாயிற்று. எழுதியவரின் பெயர் இல்லை. புகழ்பெற்ற அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் இருந்தது. எய்ட்ஸ் நோய், ஃபோர்ட் டெட்ரிக் என்ற இடத்தில் அமெரிக்கர் நடத்திய கிருமி ஆயுத ஆராய்ச்சியில் பிறந்தது என்பதே அதன் சாரம்.

இதில் ஒரு சிட்டிகை உண்மையும் கலந்திருந்தது. ஃபோர்ட் டெட்ரிக்கில் 1969 வரை கிருமி ஆயுத ஆராய்ச்சி நடந்தது மெய்யே. முழுப் பொய்யை எவரும் எளிதில் விழுங்குவதில்லை; கொஞ்சம் உண்மை கலந்தால்தான் அது தொண்டையில் இறங்கும்.

1985 அக்டோபரில் மாஸ்கோவின் வார ஏடு ஒன்று இதே கதையை வெளியிட்டது. ஆதாரம்? இந்தியப் பத்திரிகையில் வந்த செய்தி! மறு ஆண்டு கிழக்கு ஜெர்மனியின் உயிர் இயற்பியல் அறிஞர் யாக்கோப் சேகல் இதற்கு விஞ்ஞான உடை உடுத்தி ஓர் அறிக்கை எழுதினார். 1987-க்குள் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கதை பரவிவிட்டது. இத்தனை பேர் சொல்வது பொய்யாகுமா என்று மக்கள் எண்ணினார்கள். ஆனால் எரிந்தது ஒரே விளக்குத்தான்.

அதை ஏற்றியவர் யார்? பல்கேரிய அரசின் இரகசிய ஆவணங்கள் பிற்காலத்தில் வெளிவந்தன. அவற்றுள், சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி. 1985 செப்டம்பரில் அனுப்பிய தந்தி ஒன்று இருந்தது. எய்ட்ஸ் அமெரிக்காவின் இரகசியச் சோதனையால் வந்தது என்று உலகை நம்பவைப்பதே தங்கள் நோக்கம் என்று அது கூறியது. 1992-இல் ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் பிரிமாகோவ், இதில் கே.ஜி.பி.க்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டார்.

பொய்யை எதிர்த்த விதம்

அமெரிக்க அரசு பல துறைகளைச் சேர்ந்த அலுவலர்களைக் கொண்டு 1981-இல் ஒரு குழு அமைத்திருந்தது. ஒவ்வொரு செய்தியும் முதலில் எங்கே தோன்றியது என்று அக்குழு தேடியது. கண்டதை 1987-இல் அறிக்கையாக வெளியிட்டது. சோவியத் தலைவர்களிடமும் அமெரிக்கா வற்புறுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் ரோல்ட் சக்தேயெவ் என்னும் இயற்பியல் அறிஞரும், கோல்டான்ஸ்கி என்னும் மற்றோர் அறிஞரும் ‘இஸ்வெஸ்தியா’ நாளேட்டில் இக்கதையை மறுத்தார்கள். தம் நாட்டு அரசு பரப்பிய கதையை அந்நாட்டு விஞ்ஞானிகளே மறுத்தது பெருமைக்குரியதல்லவா?

இறுதித் தீர்ப்பை அளித்தது விஞ்ஞானம். எச்.ஐ.வி. கிருமி பெருகப் பெருக, அதன் மரபுச் செய்தியில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். கதிரியக்கச் சிதைவைக் கொண்டு பாறையின் வயதைக் கணிக்கிறோம் அல்லவா? அதுபோலப் பிழைகளை எண்ணிக் கிருமி வம்சத்தின் வயதைக் கணிக்கலாம். காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரில் 1959-இல் எடுத்துவைத்த இரத்தத்திலேயே இக்கிருமி இருந்தது. சிம்பன்சிக் குரங்குகளிடமிருந்து வந்த அதன் வம்சம், மனிதரிடையே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரவத் தொடங்கிவிட்டது என்று 2008-இல் வெளியான கணிப்பு காட்டியது. மரபணுவை வெட்டி ஒட்டும் கலையோ 1970-களில்தான் பிறந்தது. பிறகு எப்படி அதை ஆராய்ச்சிக்கூடத்தில் செய்திருக்க முடியும்?

சென்னையில் கிடைத்த உண்மை

பொய்க் கடிதம் வெளிவந்த மூன்றாம் ஆண்டு, 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். இரத்த மாதிரிகளை வேலூரில் சோதித்தார்கள். ஐயத்திற்கு இடமின்றி மீண்டும் இரத்தம் எடுத்து, வேறோர் ஆராய்ச்சிக்கூடத்திலும் சோதித்து உறுதி செய்தார்கள். டில்லிக் கடிதத்திற்குப் பெயரும் இல்லை, மாதிரியும் இல்லை. சென்னையின் உண்மைக்கோ இரண்டும் இருந்தன. யார் வேண்டுமானாலும் திரும்பச் சோதித்துப் பார்க்கவும் முடிந்தது.

இதில் உயிர்களும் அடங்கியிருக்கின்றன. நம் மாவட்டத்துத் தொப்பூர்க் கணவாய் வழியே இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. ஓட்டுநர் ஒருவர், இந்நோய் அந்நிய நாட்டுச் சதி என்று மட்டும் நம்பினால், சோதிக்காத இரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, பாதுகாப்பற்ற உடலுறவு ஆகியவையே தம்மை அணுகும் ஆபத்துகள் என்பதை மறந்துவிடுவார் அல்லவா?

அமெரிக்காவிலும் இப்பொய் எளிதில் சாகவில்லை. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட அந்நாட்டுக் கறுப்பின மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இது மனிதன் செய்த கிருமி என்று நம்பினார்கள். அதற்கும் காரணம் உண்டு. டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை தராமல் அந்நாட்டு அரசுத் துறையே ஏமாற்றி வேடிக்கை பார்த்தது. தன் மக்களிடம் பொய் சொன்ன அரசு, பிறர் சொல்லும் பொய்யை மறுத்தால் யார் நம்புவார்கள்? ஆகவே பொய்ப் பிரசாரத்திற்கு எதிராக ஓர் அரசு கட்டக்கூடிய வலிய கோட்டை, நாள்தோறும் உண்மை பேசும் பழக்கமே.

இன்று கண்ணாடிகள் நம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. ஒரே செய்தி பத்துக் குழுக்களிலிருந்து வரும்போது, பத்துப் பேர் சொல்கிறார்களே என்று மயங்காதீர்கள். முடிதிருத்தும் நிலையத்தை நினைத்துக்கொண்டு, கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள்: விளக்கு எங்கே இருக்கிறது?