கப்பல் சுற்றுலா: டிக்கெட் விலை முழுச் செலவல்ல

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது டிக்கெட் விலையைத்தான். ஏறிய பின் எவ்வளவு செலவாகும் என்று முகவரிடம் கேளுங்கள் என்பேன் நான்.

டிக்கெட்டில் அறையும் பொது உணவகச் சாப்பாடும் அடங்கும். பணியாளர் சேவைக் கட்டணம் பல பெரிய கப்பல்களில் தனி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 அமெரிக்க டொலர் என்று வைத்தாலும், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு இரவுகளில் 256 டொலர். சிறுவர்களுக்கும் அறவிடுவார்கள். கப்பலுக்குள் காசு புழங்குவது அரிது. அறைச் சாவியாக உள்ள அட்டையே போதும், எல்லாம் கணக்கில் ஏறிவிடும். கையிலிருந்து போகாத பணம் போவதே தெரியாது. அன்றன்றே கணக்கைப் பாருங்கள்.

நடுக்கடலில் கைத்தொலைபேசி கப்பலின் செய்மதி வலையமைப்பில் இணைந்தால் ரோமிங் கட்டணம் தலையைச் சுற்ற வைக்கும். ஏறியதும் ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள்.

ஹலால் உணவு உண்டா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வர மாலையாகலாம்.

புக்கெட்டில் இறங்கி நீங்களாகவே ஊர் சுற்றுவதானால் கடிகாரத்தில் கவனம் தேவை. அங்கு நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பிந்தியது. கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று கேட்டுவிட்டே இறங்குங்கள். பிந்தி வந்தால் கப்பல் நிற்காது. அடுத்த துறைமுகத்துக்கு விமான டிக்கெட் உங்கள் செலவு.