நிலத்துக்கு வரி: விளைச்சலுக்கா, விலைக்கா?

பக்கத்துத் தோட்டம் வீட்டுமனையாகி விலை ஏறிவிட்டால், விற்காமல் உழுதுகொண்டிருப்பவரின் வரியும் ஏற வேண்டுமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியா உழவர்களுக்கு வந்த சிக்கல் இது. அங்கே சொத்துவரி, நம்ம தீர்வை மாதிரி நஞ்சை, புஞ்சை பார்த்து இல்லை. நிலத்தின் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வரி. இன்னைக்குச் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்கிற இடம் முன்பு பழத்தோப்பு. நகரம் நெருங்க நெருங்க, கைக்கு வராத விலைக்கெல்லாம் உழவர் வரி கட்ட வேண்டியிருந்தது.

1965இல் வில்லியம்சன் சட்டம் வந்தது. குறைந்தது 10 ஆண்டு விவசாயம்தான் செய்வேன்னு ஒப்பந்தம் போட்டால், மனை விலையை விட்டுவிட்டு, நிலம் தரக்கூடிய குத்தகை வருமானத்தை வைத்து மதிப்பிடுவார்கள். இதற்கு அரசியல் சட்டத்தில் இடம் வேண்டும் என்று 1966இல் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் ஒப்புக்கொண்டார்கள்.

1978 ஜூனில் மறுபடி வாக்கெடுப்பு, 13ஆம் முன்மொழிவு. வரி, மதிப்பில் 1 விழுக்காடு. மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. நிலம் கைமாறினால் மட்டும் புது விலை. பழைய உழவருக்கு இது பாதுகாப்பு. ஆனா புதுசா நிலம் வாங்கி விவசாயத்துக்கு வர்றவருக்கு வரி பல மடங்கு ஆகலாம். அதே ஆண்டு நவம்பரில் வந்த 8ஆம் முன்மொழிவு, சந்தை விலை இறங்கினால் வரி மதிப்பையும் தற்காலிகமாக இறக்க வழி செய்தது.

மதிப்பு தப்புன்னு தோணினா, மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஜூலை 2 முதல், இடத்தைப் பொறுத்து செப்டம்பர் 15 அல்லது நவம்பர் 30க்குள் மனு கொடுக்கணும். வக்கீல் கட்டாயமில்லை. "வரி கட்ட முடியலைங்க" என்றால் எடுபடாது. ஒத்த நிலங்கள் விற்ற விலை, ஒப்பந்த நிலமானால் அக்கம்பக்கத்துக் குத்தகைத் தொகை, இவற்றைக் காட்டணும். நிரூபிக்கும் பொறுப்பு பெரும்பாலும் உழவருடையது. மனு நிலுவையில் இருந்தாலும் வரியைக் கெடுவுக்குள் கட்டியாகணும். ஜெயித்தால் கூடுதல் தொகை திரும்பும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு விதி. சில விதிவிலக்குகள் தவிர, வாரியம் 2 ஆண்டுக்குள் முடிவு சொல்லாவிட்டால் மனுதாரர் சொன்ன மதிப்பே நிற்கும். இழுத்தடித்தால் நட்டம் அரசுக்கு, உழவருக்கு இல்லை. வரிச்சலுகை கேட்கும்போதே, "எதை வைத்துப் போட்டீங்க?" என்று கேட்கும் உரிமையையும், பதில் சொல்லக் கெடுவையும் சேர்த்துக் கேட்கணும் என்பேன்.