ஆறு மணியைத் தாண்டுவது எப்படி?

"குடியை விட்டு 40 நாளாச்சுண்ணே. பகல்ல ஒண்ணும் தெரியல. சாயங்காலம் ஆறு மணியானா மனசு கடைப் பக்கம் இழுக்குது" என்றார் அந்தத் தம்பி. காலை நேரம். கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இழுக்கிறதே என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பல வருடம் அதே நேரத்தில், அதே ஆட்களோடு குடித்துப் பழகிய மூளை, அந்த நேரம் வந்ததும் வழக்கமானதைக் கேட்கிறது. அந்த ஆசை அலை போல ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். ஆயுள் முழுக்க எப்படி இருப்பேன் என்று மலைக்க வேண்டாம். அந்த அரை மணியைக் கடத்தப் பழகினால் போதும்.

அதற்கு முதல் துணை சாப்பாடு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு ஆறு மணிக்கு வயிறு காலி. பசியில் வரும் எரிச்சலையும் படபடப்பையும் குடிக்கிற ஆசை என்றே மனம் எடுத்துக்கொள்ளும். ஐந்தரைக்கே ஒரு கிண்ணம் சுண்டலோ, அவித்த வேர்க்கடலையோ, இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. நெடுநாள் குடித்தவர்கள் பலருக்கு நரம்புக்கும் நினைவுக்கும் வேண்டிய வைட்டமின் பி1 குறைந்திருக்கும். பயறு, கடலை, புழுங்கலரிசியில் அந்தச் சத்து இருக்கிறது. குறைவு அதிகமானால் மருத்துவர் மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுப்பார்.

அடுத்தது, வீட்டுக்குப் போகும் வழி. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குத்தான் மூடுகிறது. வேலை முடிந்து வரும் நேரம் முழுக்க அது திறந்தே இருக்கும். பத்து நிமிடம் சுற்றானாலும் வேறு தெரு வழியாகப் போங்கள். சம்பள நாளில் பணத்தை நேராக வீட்டில் கொடுத்துவிடுங்கள். யாராவது "ஒரு கட்டிங்தானே" என்று கூப்பிட்டால் காரணம் அடுக்க வேண்டாம்; காரணத்துக்கு எதிர்க்காரணம் வரும். "நான் குடிக்கிறதில்லை" என்ற ஒரு வரி போதும்.

தூக்கம் திரும்பக் கொஞ்சம் காலம் பிடிக்கும். மது சீக்கிரம் கண்ணயர வைத்து, பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். விட்ட பிறகும் சில வாரம், சிலருக்குச் சில மாதம், தூக்கம் சரியாக வராது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். டீயைப் பிற்பகலோடு நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதிலுள்ள காஃபீனில் ஏறத்தாழ பாதி உடம்பில் தங்கியிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தனிமை. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், தொழில் முயற்சி தோற்றுப்போன பில் வில்சன் ஒரு ஹோட்டலில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். அதன் வழியாகவே டாக்டர் பாப் என்ற இன்னொரு குடிநோயாளியைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பில் பிறந்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுக்கள் இன்று தமிழ்நாட்டிலும் கூடுகின்றன. உங்கள் போனிலும் ஆறு மணிக்குக் கூப்பிட ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இடையில் ஒருநாள் சறுக்கினால், 40 நாளும் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே திரும்பி வாருங்கள். இன்னும் தினமும் நிறையக் குடிப்பவர்கள், அதுவும் காலையில் கை நடுங்குபவர்கள், வீட்டிலேயே திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். மனம் தளர்ந்துபோனால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவும் பகலும் இலவசம்.

நாளைக்கு என்ன ஆகும் என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஐந்தரைக்கு ஏதாவது சாப்பிடுங்கள். ஆறு மணிக்கு ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.