கிரிவலப் பாதையில் தொலைந்த பச்சை அட்டை

பௌர்ணமி இரவில், அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையில் ஜனசமுத்திரத்தோடு நடந்து, அஷ்டலிங்கங்களையும் தரிசித்து முடித்த அமெரிக்கவாழ் தமிழர் ஒருவர், ராஜகோபுர வாசலில் கைப்பையைத் திறந்து, அதனுள் வைத்திருந்த கிரீன் கார்டு காணாமற்போயிருக்கக் கண்டால், திகைத்து நிற்பது இயல்பே. ஆயினும் தொலைந்தது அட்டையேயன்றி, அது சாட்சி சொல்லும் நிரந்தரவாச உரிமை அன்று.

திருட்டாயின் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்து ரசீது பெறவேண்டும். தவறவிட்டதாயின், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையைப் பெறலாம்.

புதிய அட்டை இங்கே கிடைப்பதில்லை. ஐ-131ஏ என்னும் விண்ணப்பத்துக்குரிய கட்டணத்தை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு இணையவழி செலுத்தி, அந்நாட்டுத் தூதரகத்தில் நேரில் ஆஜராகி, விமானமேறுவதற்கான அனுமதிச் சீட்டைப் பெறுவதே வழி. மறுநுழைவு அனுமதி முன்னரே பெற்றிராதவர்க்கு, அமெரிக்காவை விட்டு நீங்கி 1 ஆண்டு ஆகுமுன்னரே இச்சகாயம் பொருந்தும். திரும்பிச் சென்றபின் ஐ-90 விண்ணப்பத்தின் மூலம் புதிய அட்டை கோரலாம்.

கிரிவலத்துக்குப் பாதரட்சையைத் துறக்கும் பக்தர், அட்டையையும் விடுதிப் பெட்டியில் பூட்டிவைத்து, அதன் பிரதியொன்றை மட்டும் கையோடு கொண்டு நடப்பாராயின், தியானத்துக்குப் பங்கம் நேராது.