கல்லும் கட்டளையும் – 9: நொறுங்கியது பீடம், நிலைத்தது கோயில்

புதிதாகக் கோயில் கட்ட ஆயரின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். சரி, கட்டிய கோயில் தீப்பிடித்து எரிந்தால்? அதை மறுபடி நேர்ந்தளிக்க வேண்டுமா?

2019 ஏப்ரல் 15 மாலை, பாரிஸ். நோட்ர டாம் பேராலயத்தின் ஓக் மரக் கூரை பற்றி எரிந்தது. 96 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நின்ற கூர்கோபுரம் முறிந்து, கல் வளைவுகளைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. கீழே இருந்த வெண்கலப் பீடம், 1989-இல் நேர்ந்தளிக்கப்பட்டது, நொறுங்கியது. சுவர்களும் முகப்பின் இரட்டைக் கோபுரங்களும் தப்பின.

1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1212-ஆம் விதி இதற்கு விடை வைத்திருக்கிறது. பெரும்பகுதி அழிந்தாலோ, நிரந்தரமாக வேறு காரியத்துக்குத் திருப்பிவிடப்பட்டாலோதான் ஓர் இடம் தன் நேர்ந்தளிப்பை இழக்கும். நோட்ர டாமில் இரண்டும் நடக்கவில்லை. கூரையில்லாமல் நின்றாலும் அது கோயில்தான். இரண்டே மாதத்தில், ஜூன் 15 அன்று, பேராலய நேர்ந்தளிப்பின் ஆண்டு நினைவுத் திருப்பலி உள்ளேயே நடந்தது. பின்புறச் சிற்றாலயத்தில் முப்பது பேர் அளவில் கூடினார்கள். பூசை உடுப்பில் நின்ற பேராயர் தலையில் வெள்ளை ஹெல்மெட்!

பீடத்தின் கணக்கு வேறு. கோயிலுக்கும் பீடத்துக்கும் சட்டம் தனித்தனி உயிர் கொடுத்திருக்கிறது. கோயிலை மூடி வேறு பயனுக்கு விட்டாலும் அதனால் மட்டும் பீடம் நேர்ந்தளிப்பை இழக்காது என்கிறது 1238-ஆம் விதி. இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு: கோயில் பிழைத்தது, பீடம் போனது. ஆகவே கோயிலுக்குத் திறப்பு, பீடத்துக்குத்தான் நேர்ந்தளிப்பு.

2024 டிசம்பர் 7 அன்று, எரிந்த கூரையில் மிஞ்சிய மரத்தில் செய்த செங்கோலால் பேராயர் லோரான் உல்ரிக் மூன்று முறை கதவைத் தட்டினார், கதவு திறந்தது. மறுநாள் புதுப் பீடத்தின் முறை. சிற்பி கியோம் பார்தே வார்த்த வெண்கலப் பீடம் அது. மரபுப்படி பீடத்தின் மேற்பலகை ஒரே கல்லாக இருக்க வேண்டும்; ஆயர் பேரவை ஏற்றால் தகுதியும் உறுதியும் உள்ள வேறு பொருளும் ஆகும். ஐந்து பேரின் அருளிக்கங்களைப் பீடத்தில் வைத்தார்கள். பேராயர் கிறிஸ்மா தைலத்தை ஊற்றி, வெறுங்கையால் மேற்பரப்பு முழுதும் தேய்த்தார். தூபம் எழுந்தது. அதன் பிறகே பீடத்தில் துணி விரித்து விளக்கேற்றினார்கள்.

இத்தனைக்கும் அந்தக் கட்டடம் திருச்சபையின் சொத்து அல்ல. அரசையும் சமயத்தையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அது பிரெஞ்சு அரசின் சொத்து. வழிபட மட்டும் திருச்சபைக்கு இலவச உரிமை. உலகெங்குமிருந்து வந்த 84 கோடி யூரோவுக்கும் மேற்பட்ட நன்கொடையில் சீரமைப்பை நடத்தியது அரசு. பீடத்தை யார் செய்வது என்று முடிவு செய்தவர் பேராயர்.

ஓரிடத்தில் இந்த இரண்டு எசமானர்களும் உரசிக்கொண்டார்கள். பழைய கோயில்களின் பராமரிப்புக்குப் பணம் சேர்க்க, சுற்றுலாப் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கலாம் என்றார் பண்பாட்டு அமைச்சர் ரஷிதா தாத்தி. பாரிஸ் மறைமாவட்டம் மறுத்துவிட்டது. வழிபாட்டு நேரத்தில் கோயிலுக்குள் நுழையக் காசு கேட்கக் கூடாது என்பது 1221-ஆம் விதி. பார்வையாளருக்கும் கட்டணம் கூடாது என்று சொல்வது 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அமைச்சரின் யோசனைக்குத் தடையாக நின்றது அரசின் சொந்தச் சட்டமும்தான். பேராலயத்துக்குள் போக இன்றும் டிக்கெட் இல்லை.

கோயில் அழியவில்லை, கும்பிட ஆள்தான் இல்லை என்றால்? அப்படிப்பட்ட கோயிலை மூடுவதற்கும் ஒரு விதி உண்டு.

(அடுத்த வாரம்: பூட்டிய கோயில்)