உஷார்! விடியற்காலையில் நீட்டப்படும் அந்த ஒரு தம்ளர்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வங்காளத்து ஏரிக்கரைகளிலும் கிராமப் பாதைகளிலும் சைக்கிள் மிதிக்கப் போகிற யாரும், ஈச்சமரத்திலிருந்து இறக்கிய பச்சைச் சாற்றைக் குடிக்காதீர்கள். ருசிக்காக ஒரு வாய்கூட வேண்டாம். மீதியைப் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் உங்கள் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

ஹவுராவில் எங்கள் சிப்பூர் பக்கம் இரண்டு மூன்று வருடமாக அகல டயர் போட்ட கிராவல் பைக்குகள் நிறையக் கண்ணில் படுகின்றன. தார் ரோடு, மண் பாதை, சரளை எதுவானாலும் போகும் வண்டி. பனிக்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு நாலைந்து பேராகக் கிளம்பிவிடுகிறோம். அதிக தூரம் வேண்டாம் என்கிறவர்கள் சாந்திராகாச்சி ஜீல் வரை போவார்கள். ஆகாயத்தாமரையை அள்ளும்போது பறவைகளுக்கென்று விட்டுவைத்த பச்சைத் திட்டுகளில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டம் கூட்டமாக அடைந்திருக்கும். பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கால் வலுவுள்ளவர்கள் ஆற்றைத் தாண்டி, நகரத்தின் கிழக்கு ஓரத்துக்கே போய்விடுவார்கள்.

அங்கேதான் கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலம் இருக்கிறது. 12,500 ஹெக்டேர். 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006-ல் இதற்கென்றே மாநிலம் தனிச் சட்டம் போட்டது. கொல்கத்தாவின் சாக்கடை நீர் வாய்க்கால் வழியாக வந்து ஆழமில்லாத குளங்களில் தேங்குகிறது. வெயிலும் பாசியும் சேர்ந்து அதைத் தெளிய வைக்கின்றன. அந்த நீரில் வளரும் ரோகுவும் கட்லாவும் அதே நகரத்தின் சந்தைக்குப் போகின்றன. இந்த ஏற்பாட்டின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொல்லியே வாழ்நாளைக் கழித்தவர் துருவஜோதி கோஷ் என்ற பொறியாளர். 2018-ல் மறைந்தார். அவர் போராடிக் காத்த குளக்கரை வரப்புகளில்தான் இன்று நாம் டயர் பதிக்கிறோம். பாதை நிறையப் பேருக்குத் தெரியும். பாசந்தி நெடுஞ்சாலை லாரிகளும், ரோட்டை ஒட்டி ஓடும் கால்வாயும், மூடுபனியும் தெரியும். அந்த ரோட்டில் விளக்கில்லாமல் போகவே போகாதீர்கள் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன். எனக்குப் பயம் வேறு இடத்தில்.

குளங்களைத் தாண்டி பாங்கோர் பக்கம் போகப் போக ஈச்சமரங்கள் வரும். ஒவ்வொரு மரத்திலும் உச்சிக்குக் கீழே ஒரு பக்கம் பட்டையைச் சீவி, தந்தம் மாதிரி வெளுப்பாக ஒரு முகம் எடுத்திருப்பார்கள். அதன் அடியில் ஒரு மூங்கில் குழல், குழலுக்குக் கீழே மண்பானை. ராத்திரி முழுக்க அந்த முகத்தில் கசிகிற சாறு வழிந்து, குழல் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பானையில் விழும். விடியும் முன் இறக்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும்.

போன ஜனவரியில் அப்படிச் சாறு இறக்கிய ஒரு பெரியவர், பானையிலிருந்து தம்ளரில் ஊற்றி, "காபேன், தாதா?" என்று நீட்டினார். குடிக்கிறீங்களா அண்ணா என்று அன்பாகக் கேட்கிறார். மூன்று மணி நேரம் மிதித்த உடம்பு. பனிக்குளிர் ஏறிய சாறு. என்னோடு வந்த தம்பிக்கு உடன்குடிப் பக்கம் ஊர். நான் பின்னால் வந்து பிரேக் பிடிப்பதற்குள் இரண்டு தம்ளர் முடித்துவிட்டான். "அண்ணே, நம்மூர்ப் பதநீர் மாதிரியே இருக்குண்ணே!"

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைக்கிறது. பதநீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஈச்சஞ்சாற்றைப் பார்த்தால் சந்தேகமே வராது. ஆனால் நம்மூரில் பனையின் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குகிறார்கள். இங்கே மரத்தின் சீவிய முகம் ராத்திரி முழுக்கத் திறந்து கிடக்கிறது. அந்த இனிப்பு பழந்தின்னி வௌவாலுக்கும் பிடிக்கும். வங்கதேசத்தில் மரங்களில் அகச்சிவப்புக் கேமரா பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். வௌவால்கள் சீவிய இடத்தை நக்குவதும், சாறு ஓடும் தடத்திலும் பானையிலும் சிறுநீர் கழிப்பதும் பதிவாகியிருக்கின்றன. அந்த வௌவால்களின் எச்சிலிலும் சிறுநீரிலும் நிபா வைரஸ் இருக்கக்கூடும். வௌவாலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. சாற்றின் நிறம், மணம், ருசி எதுவும் மாறாது.

நிபா என்றதும் நமக்கு 2018-ன் கோழிக்கோடு ஞாபகம் வரும். நோயாளிகளைக் கவனித்த செவிலியர் லினி இறந்தது ஞாபகம் வரும். ஆனால் இந்தியாவுக்குள் இந்த நோய் முதலில் தெரிந்தது இதே மேற்கு வங்காளத்தில்தான். 2001-ல் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆஸ்பத்திரி ஊழியர்களும், நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும். அது நிபாதான் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சேமித்து வைத்த மாதிரிகளைப் பரிசோதித்து, சில வருடங்கள் கழித்துத்தான் உறுதி செய்தார்கள். 2007-ல் நதியா மாவட்டத்தில் ஒரே குடும்பத்தைச் சுற்றிப் பரவியது. ஐந்து பேர், ஐவரும் இறந்தார்கள். முதலில் விழுந்தவர் மரச்சாற்றிலிருந்து செய்த நாட்டுச் சரக்கைக் குடிக்கும் பழக்கமுள்ளவர். அவர் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களில் வௌவால்கள் தொங்கிக்கொண்டிருந்ததையும் ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதனால் "பச்சையாக வேண்டாம், புளித்த தாடி பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே கள்ளுக்குத் தாடி என்றுதான் பெயர். வங்கதேசத்தில் இந்தக் கள்ளைக் குடித்தவர்களுக்கும் நிபா வந்திருக்கிறது. அந்த லேசான போதையில் வைரஸ் செத்துவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பானை வாயில் வலை கட்டியிருக்கிறார்கள், சுத்தமான சாறு என்பதும் அப்படித்தான். சிறுநீர் வலைக்குள் இறங்கும். சீவிய முகம், குழல், பானை மூன்றையும் சேர்த்து மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் நெருங்குவது வெகுவாகக் குறையும். ஆனால் ராத்திரி மூடியிருந்ததா என்று காலையில் வந்து இறங்குகிற உங்களுக்கு எப்படித் தெரியும்? வழியில் உதிர்ந்து கிடக்கும் கொய்யா, இலந்தையும் அதே கணக்குதான். கடித்த தடம் இருந்தால் தொடாதீர்கள்.

தம்பி குடித்த நாளிலிருந்து நான் நாள் எண்ணினேன். அறிகுறி தெரிய பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும், சிலருக்கு இன்னும் அதிகம். தினமும் போன் போட்டு, "காய்ச்சல் இருக்காடா, தலைவலி இருக்கா?" என்று கேட்டேன். ஒன்பதாம் நாள் தலை பாரமாக இருக்கிறது என்றான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெறும் ஜலதோஷம்தான், தப்பித்தான். அவன் தப்பித்ததை வைத்து இன்னொருவர் தைரியம் கொள்ளக் கூடாது. இந்த நோய் வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒப்புதல் பெற்ற தடுப்பூசியோ மருந்தோ கிடையாது.

ஏற்கெனவே குடித்துவிட்டீர்களா? காய்ச்சல், தலைவலி, வாந்தி, தொண்டை வலி, மயக்கம், பேச்சில் தடுமாற்றம், மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் வீட்டில் ஒரு தனி அறையில் இருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே போனில், எந்தத் தேதியில் எந்த ஊரில் பச்சை ஈச்சஞ்சாறு குடித்தேன் என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். சிலிகுரியில் செத்தவர்களை நினைத்துச் சொல்கிறேன், உங்களைத் தொட்டுப் பார்க்கப்போகும் நர்ஸ் முன்கூட்டியே முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாறு இறக்குகிறவர்கள் மேல் யாரும் கோபப்பட வேண்டாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதைத்தான் குடிக்கிறார்கள். வௌவால் மேலும் கல்லெறியாதீர்கள். அது அடையும் மரங்களை வெட்டினால் வேறு தோப்புக்குப் போகும், அவ்வளவுதான். அந்தப் பெரியவரிடம் நோலேன் குர் வாங்குங்கள். அதே சாறு பெரிய தகரத் தட்டில் மணிக்கணக்காகக் கொதித்து வெல்லமாகியிருக்கும். அந்தக் கொதியில் வைரஸ் நிற்காது. பாகாகவும் கிடைக்கும், பாட்டாலி என்ற அச்சுக்கட்டியாகவும் கிடைக்கும். அவருக்கும் காசு கிடைக்கும்.

வரும் ஞாயிறு நாங்கள் எட்டுப் பேர் கிளம்புகிறோம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், தம்பி வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க் இஞ்சி டீ. தம்ளர் நீட்டினால் சொல்வதற்கு வங்காளியில் ஒரு வரியை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம்: "நா தாதா, குர் தின்." வேண்டாம் அண்ணா, வெல்லம் கொடுங்க.